கேனான் 200 மி.மீ. எஃப் 2.8 எல்: தோப்புக்கு ஏற்ற லென்ஸ், மண்டபத்துக்கு ஆகாத லென்ஸ்

பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் மரத்துக்கு மரம் பெரும்பாலும் 25 அடி விட்டிருப்பார்கள். கேனான் இஎஃப் 200 மி.மீ. எஃப் 2.8 எல் லென்ஸை எடைபோட அந்த 25 அடியே போதுமான அளவுகோல். ஃபுல் ஃப்ரேம் கேமராவில் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் உள்ளது) மாட்டிச் செங்குத்தாகப் பிடித்தால், தோளோடு சேர்ந்த முகத்துக்கு 11 அடி தள்ளி நிற்க வேண்டும். இடுப்பு வரைக்கும் என்றால் 20 அடி. தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் கொஞ்சம் இடம் விட்டு முழு ஆளையும் அடக்க 40 அடி. ஆக, அரை உருவப் படம் ஒரு மர இடைவெளிக்குள் முடிந்துவிடும். முழு உருவத்துக்கு ஒன்றரை இடைவெளிக்கும் சற்று மேலே வேண்டும். இந்த லென்ஸின் நல்லதும் கெட்டதும் இந்த மூன்று தூரங்களிலிருந்துதான் கிளம்புகின்றன.

முதலில் பொருளைப் பார்த்துவிடலாம். 1996இல் வந்த இரண்டாம் பதிப்பு இது. எடை 765 கிராம், நீளம் 13.6 செ.மீ., முன்னால் 72 மி.மீ. ஃபில்டர். 7 குழுக்களாக 9 கண்ணாடிகள், அவற்றில் இரண்டு நிறம் பிரிவதைக் குறைக்கும் யூடி கண்ணாடிகள். வெளிச்சம் நுழையும் துவாரமான அப்பர்ச்சருக்கு 8 இதழ்கள். ஃபோகஸ் ஆகும் குறைந்தபட்ச தூரம் 1.5 மீட்டர். கை நடுக்கத்தைத் தாங்கும் ஸ்டெபிலைசர் கிடையாது. தூசியும் ஈரமும் நுழையாமல் தடுக்க மவுண்ட்டில் வைக்கும் ரப்பர் வளையமும் கிடையாது. ட்ரைபாட் வளையம் தனியாக வாங்க வேண்டியது. ஆனால் இந்த எடைக்கு அது இல்லாமலே பாடி தாங்கும். 1991இல் வந்த முதல் பதிப்பில், பக்க வெளிச்சத்தை மறைக்கும் ஹூட் லென்ஸோடு ஒட்டி, இழுத்து நீட்டும்படி இருக்கும். இரண்டாம் பதிப்பில் ஹூட் கழற்றி மாட்டுவது. எதுவானாலும் இன்று கைமாறிய லென்ஸாகத்தான் தேட வேண்டும்.

நிறம் கறுப்பு. இதைச் சொல்லக் காரணம் உண்டு. கல்யாண வீட்டில் வெள்ளை லென்ஸைக் கண்டால்தான் 'பெரிய கேமரா வந்திருக்குது' என்று நம்பும் மாமன்மார் நம் ஊரில் நிறைய. அவர்களை இந்த லென்ஸால் அசத்த முடியாது. வேலையைப் பொறுத்தவரை கறுப்பாக இருப்பதே நல்லது. கோயில் வாசலிலோ சந்தையிலோ நீட்டினால் யாரும் திரும்பிப் பார்த்து விறைத்துக்கொள்ள மாட்டார்கள்.

பின்னணி எவ்வளவு கரையும்?

'200 போட்டா பேக்ரவுண்டு வெண்ணெய் மாதிரி கரைஞ்சுரும்' என்பது தொழிலில் எல்லோரும் சொல்வது. பாதி உண்மை. கணக்கைப் பார்த்தால் எந்தப் பாதி என்று தெரியும்.

குவியத் தொலைவை எஃப் எண்ணால் வகுத்தால் அப்பர்ச்சரின் விட்டம் வரும். 200ஐ 2.8ஆல் வகுக்க 71 மி.மீ. வெகு தூரத்தில் இருக்கும் ஒரு விளக்குப் புள்ளி, ஃபோகஸில் நிற்கும் ஆளின் முகத்துக்குப் பக்கத்தில் ஏறக்குறைய அந்த விட்டம் கொண்ட வட்டமாக விழும். இதே கணக்கில் 135 எஃப் 2 லென்ஸுக்கு 67 மி.மீ., 85 எஃப் 1.4க்கு 61, 70-200 எஃப் 4 லென்ஸின் 200 முனையில் 50, 85 எஃப் 1.8க்கு 47, ஆளுக்கு ஆள் வைத்திருக்கும் 50 எஃப் 1.8க்கு வெறும் 28. பின்னணி மலை, வானம், தூரத்து ஊர் விளக்கு என்றால் 200 எஃப் 2.8ஐ அசைக்க முடியாது.

பின்னணி பக்கத்தில் இருந்தால் கதை மாறுகிறது. இடுப்பு வரைக்குமான அதே படத்தை எடுக்க 85 லென்ஸோடு எட்டரை அடியில் நிற்போம், 200 லென்ஸோடு 20 அடியில். ஆளுக்குப் பின்னால் 20 அடியில் ஒரு சுவர் இருக்கிறது என்று வையுங்கள். 200 எஃப் 2.8 தரும் மங்கல் வட்டம் சுமார் 36 மி.மீ.; 85 எஃப் 1.4 தருவது 43 மி.மீ. சுவர் ஆறரை அடியிலேயே இருந்தால் 18க்கு 27. அதாவது குட்டை லென்ஸ்தான் அதிகம் கரைக்கிறது! இரண்டும் சமமாவது பின்னணி ஏறக்குறைய 55 அடிக்குப் போன பிறகு. தோப்புக் கணக்கில் சொன்னால், ஆளுக்குப் பின்னால் இரண்டு மர இடைவெளிக்கு மேல் வெற்றிடம் இருந்தால் மட்டுமே 200 தன் வேலையைக் காட்டும். வீட்டு வாசலில், காம்பவுண்டுச் சுவரை ஒட்டி, மண்டபத்து மேடையில் என்று ஆளை நிறுத்திவிட்டு 'ப்ளர் வரலையே' என்று லென்ஸைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை.

கரைப்பதைவிடப் பெரிய பலன் வேறொன்று, அதை அதிகம் பேர் பேசுவதில்லை. 200 பின்னணியைக் குறுக்குகிறது. அதே அரை உருவப் படத்தில், ஆளுக்குப் பின்னால் 100 அடியில் 200 லென்ஸுக்குள் விழும் அகலம் 14 அடிதான். 85 லென்ஸில் 30 அடி. தென்னைகள் 25 அடி இடைவெளியில் நிற்கின்றன. 85 போட்டால் ஒரு மரமாவது தலைக்குப் பின்னால் முளைத்தே தீரும். 200 போட்டால் இரண்டு மரத்துக்கு நடுவே உள்ள பச்சையை மட்டும் பொறுக்கி எடுக்கலாம். மோட்டார் ரூம், சொட்டுநீர்க் குழாய்ச் சுருள், கீற்றுக் குவியல், ஈபி கம்பம் எல்லாம் இருக்கிற தோப்பிலேயே சுத்தமான பின்னணி கிடைப்பது இப்படித்தான். 40 அடியில் ஆள், அவருக்குப் பின் 100 அடியில் கம்பம் என்றால், நாம் ஒரு அடி பக்கவாட்டில் நகர்ந்தாலே கம்பம் இரண்டரை அடி நகரும். ஆளை நகர்த்த வேண்டியதில்லை, நாம் ஓர் எட்டு வைத்தால் போதும்.

மலையும் காற்றாலையும் இதே வகையில் சேரும். பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கத்துக் காற்றாலைகளை 50 மி.மீ. லென்ஸில் பின்னணியாக வைத்தால் ஊதுவத்திக் குச்சி போலத் தெரியும். ஆளின் அளவு மாறாமல் 200க்குப் போனால் அவை நான்கு மடங்கு பெரிதாகும். ஆனால் எஃப் 2.8இல் எடுத்தால் அது காற்றாலையா கரண்ட் டவரா என்று தெரியாத அளவுக்குக் கரைந்துவிடும். என்னவென்று அடையாளம் தெரிய வேண்டுமானால் எஃப் 11 வரை மூட வேண்டும். ஆனைமலைத் தொடரோ வெள்ளியங்கிரியோ பெரிய வடிவம் என்பதால் எஃப் 5.6இலேயே மலையின் கோடு தெரிந்துவிடும்.

ஒரு பின்னணி மட்டும் இந்த லென்ஸுக்கு எதிரி: காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடு எனும் மேய்ச்சல் நிலத்தைச் சுற்றிய கிளுவை வேலி. குறுக்கும் நெடுக்குமான மெல்லிய குச்சிகள். ஆளுக்குப் பின்னால் 10, 15 அடியில் அந்த வேலி வந்தால் பாதி மங்கி, ஒவ்வொரு குச்சியும் இரட்டைக் கோடாகி, கண்ணை உறுத்தும். கோடை காலத்தில் இலை உதிர்ந்திருந்தால் இன்னும் மோசம். வேலியிலிருந்து ஆளை 50 அடியாவது முன்னால் கொண்டுவர வேண்டும். அதற்கு நிலம் இல்லையென்றால் வேறு இடம் பாருங்கள்.

முகம்

மூக்கு பெரிதாகத் தெரிவதும் காது மறைவதும் லென்ஸால் வருவதில்லை, நாம் நிற்கும் தூரத்தால் வருவது. நாலைந்து அடியில் நின்று எடுத்த முகத்தில் மூக்கு முந்திக்கொண்டு வரும். 11 அடியில் அது அடங்கிவிடும். 20 அடியில் முகம் கொஞ்சம் தட்டையாகும், காதுகள் வெளியே வரும், கன்னம் அகலும். ஒடுக்கமான முகத்துக்கு இது அழகு. வட்ட முகத்துக்கு அவ்வளவு நல்லதில்லை. அப்படிப்பட்டவர்களை நேராக நிறுத்தாமல் கால்வாசி திருப்பி, ஒரு பக்கத்திலிருந்து வெளிச்சம் விழும்படி வைத்தால் கன்னத்தில் நிழல் வந்து ஈடுகட்டும். நெற்றிச்சுட்டி, ஜிமிக்கி, ஆரம் எல்லாம் போட்ட மணப்பெண்ணை எடுக்கும்போது இந்தத் தட்டைத்தன்மை கைகொடுக்கும்: நகைகள் முகத்தைவிடப் பெரிதாகத் துருத்தாமல் அதனதன் அளவில் இருக்கும்.

முழு உருவத்தில் 200க்கு நிகர் கிடையாது. பக்கத்தில் நின்று கண் உயரத்திலிருந்து எடுத்தால் தலை பெருத்துக் கால் குட்டையாகும். 40 அடியில் அந்தப் பிசகு அநேகமாக இல்லை. கேமராவை இடுப்பு உயரத்துக்கு, சுமார் மூன்றடிக்கு, இறக்கிக்கொண்டால் பட்டுப்புடவையின் மடிப்பும் வேட்டிக் கரையும் நேராக விழும்.

இன்னொரு வசதியும் உண்டு. 40 அடியில் செங்குத்துப் படத்தின் அகலம் ஐந்தடிதான். உதவியாளர் ரிஃப்ளெக்டரோடு ஆளிலிருந்து மூன்றடியில் நின்றாலும் படத்துக்குள் வரமாட்டார். குட்டை லென்ஸில் இதற்கு இடமே கிடைக்காது.

தூரத்தின் விலை, பேச்சு. 40 அடிக்கு அப்பால் நிற்கிறவரிடம் 'ஏனுங் மாப்ள, சித்த சோத்தாங்கைப் பக்கம் திரும்புங்' என்று கத்தினால், தோப்பில் தேங்காய் போடுகிறவர் உட்பட எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். மணப்பெண்ணின் வெட்கம் இறுக்கமாக மாறிவிடும். செல்போனில் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டு, ஆளின் காலடியில் படத்தில் தெரியாதபடி வைத்துவிடுவது நல்ல வழி. ரிஃப்ளெக்டர் பிடிப்பவர் விவரமானவராக இருந்தால் அவர் மூலமே சொல்லலாம். இடது, வலது என்று சொல்லாதீர்கள். உங்களுடையதா அவருடையதா என்ற குழப்பம் வரும். 'சோத்தாங்கை' என்றால் அந்தக் குழப்பமே இல்லை.

ஃபோகஸ், நடுக்கம்

எஃப் 2.8இல் தெளிவு விழும் ஆழம் 11 அடியில் நாலேகால் செ.மீ., 20 அடியில் 15 செ.மீ., 40 அடியில் 60 செ.மீ. இந்த மூன்றையும் மனப்பாடம் செய்துகொண்டால் பாதிப் படம் தப்பிக்கும்.

நேராகப் பார்க்கும் முகத்துக்கு 11 அடியில் எஃப் 2.8 போதும், கண் தெளிவாகவும் காது மங்கலாகவும் இருக்கும். முகம் பாதி திரும்பியதும் சிக்கல். இரண்டு கண்களுக்கு இடையே சுமார் ஆறு செ.மீ.; முகம் 45 பாகை திரும்பினால் தூரத்துக் கண் நாலேகால் செ.மீ. பின்னால் போய்விடும். முன்கண்ணில் ஃபோகஸ் வைத்தால் நாலேகாலில் பாதிதான் பின்னால் கிடைக்கும், எனவே பின்கண் மங்கும். எஃப் 4இலும் கொஞ்சம் மங்கல் இருக்கும். இரண்டு கண்ணும் வேண்டுமானால் எஃப் 5.6. அதனால் பின்னணி கெட்டுவிடாது. பின்னால் நூறடி இருந்தால் எஃப் 5.6இலும் நன்றாகவே கரையும். 20 அடியில் மாப்பிள்ளை பொண்ணு முன்னும் பின்னுமாகச் சாய்ந்து நின்றால் அதற்கும் எஃப் 5.6, ஆழம் 29 செ.மீ. கிடைக்கும். 40 அடியில் ஜோடியின் முழு உருவத்தைத் துணிந்து எஃப் 2.8இலேயே எடுக்கலாம்.

நடுப்புள்ளியில் ஃபோகஸைப் பூட்டிவிட்டுக் கேமராவைத் திருப்பி ஃப்ரேம் செய்யும் பழைய பழக்கம் இந்த லென்ஸில் அவ்வளவு கெடுதல் இல்லை. பார்வைக் கோணம் குறுகலானதால் திருப்பும் கோணமும் ஒன்றிரண்டு பாகைதான். படத்தைக் கெடுப்பது நம் உடம்பின் ஆட்டம். ஃபோகஸ் பூட்டிய பிறகு இரண்டு செ.மீ. முன்னேயோ பின்னேயோ சாய்ந்தாலும் 11 அடியில் கண் போய் இமைமுடியோ காதோ தெளிவாகிவிடும். தொடர் ஃபோகஸில் வைத்து மூன்று மூன்று படமாக எடுப்பதே பாதுகாப்பு. கேனானின் ஆர் வரிசை மிரர்லெஸ் பாடியில் இஎஃப்-இஓஎஸ் ஆர் அடாப்டரோடு மாட்டினால் கண்ணைப் பிடிக்கும் ஃபோகஸ் அப்படியே வேலை செய்யும். அடாப்டருக்குள் கண்ணாடி இல்லாததால் தரமும் குறையாது. டிஎஸ்எல்ஆரில் முன்பின் ஃபோகஸ் பிசகு வரக்கூடும். 5டி மார்க் 3, 6டி, 70டி போன்ற பாடிகளில் அதைத் திருத்தும் ஏஎஃப் மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட் உண்டு, 60டி, 1500டியில் கிடையாது. அந்தப் பாடிகளுக்கு இந்த லென்ஸ் வாங்கினால் உங்கள் பாடியிலேயே மாட்டிப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுக்க வேண்டும்.

லென்ஸின் பக்கவாட்டில் ஒரு சுவிட்ச் இருக்கும்: 1.5 மீட்டரிலிருந்து, அல்லது 3 மீட்டரிலிருந்து. இரண்டாவதில் போட்டுவிடுங்கள். 11 அடிக்குக் குறைந்து நிற்கப்போவதில்லை. ஃபோகஸ் தவறும்போது லென்ஸ் கிட்டத்து எல்லை வரை போய்த் திரும்பும் நேரம் மிச்சம்.

ஸ்டெபிலைசர் இல்லாததால் ஷட்டர் குறைந்தது 1/200. பிக்சல் அதிகமான பாடியில் 1/400. இடது உள்ளங்கை லென்ஸுக்கு அடியில், இரண்டு முழங்கையும் விலாவோடு ஒட்டி. ஆர் 5, ஆர் 6 போல சென்சார் அசைந்து நடுக்கம் தாங்கும் பாடிகளில் கொஞ்சம் தளர்வு கிடைக்கும். ஆர்பி, ஆர் 8, ஆர் 10 பாடிகளில் அந்த வசதி இல்லை.

பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று சீறும் மாதங்களில் இந்தக் கணக்கும் போதாது. ஆடியில் முகூர்த்தம் கிடையாது, ஆனால் ஆவணி முகூர்த்தக்காரர்களின் அவுட்டோர் ஷூட் ஆடியில்தான் வரும். ஆடிக்காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, முந்தானை பறக்கும். 1/800க்குக் கீழே இறங்க வேண்டாம். அகலமான ஹூட் காற்றை வாங்கி லென்ஸை ஆட்டும். வெயில் முதுகுப் பக்கம் இருந்தால் கழற்றிவிடலாம்.

தோப்பு வெளிச்சம்

இது லென்ஸின் குறையில்லை, ஆனாலும் பழி லென்ஸ் மேல்தான் விழுகிறது. தோப்புக்குள் இறங்கும் வெளிச்சம் கீற்றில் பட்டுப் பச்சையாகி வரும். தோல் நோயாளி நிறத்துக்குப் போகும். கூடவே கீற்றிடுக்கில் விழும் வெயில் பொட்டுகள் முகத்தில் வெள்ளைத் திட்டுகளாகும். ஆளைத் தோப்பின் நடுவில் நிறுத்தாமல், ஓரத்தில், கடைசி மர நிழலின் விளிம்பில், முகம் வெட்டவெளியைப் பார்க்க நிறுத்துங்கள். பின்னணியாகத் தோப்பின் ஆழம் முழுக்கக் கிடைக்கும், முகத்துக்கு வானத்து வெளிச்சம் கிடைக்கும். ரிஃப்ளெக்டரில் வெள்ளைப் பக்கம் போதும். தங்கப் பக்கம் பச்சையோடு சேர்ந்து மஞ்சள் காமாலை போல ஆக்கிவிடும். மிச்சப் பச்சையை எடிட்டிங்கில் டின்ட்டை மெஜந்தா பக்கம் தள்ளிச் சரிசெய்யலாம்.

நேர் வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப் 2.8 என்றால் ஷட்டர் 1/3200 சுற்றி வரும். ஃப்ளாஷ் சாதாரணமாக 1/200க்கு மேல் ஒத்துப்போகாது. அதைவிட வேகமான ஷட்டரிலும் ஃப்ளாஷை ஒத்துப்போக வைக்கும் ஹை ஸ்பீடு சிங்க் போட்டால் ஃப்ளாஷின் பலம் பெருமளவு குறைந்துபோகும். வெளிச்சத்தைப் பதினாறில் ஒரு பங்காக்கும் 4 ஸ்டாப் என்டி ஃபில்டர் ஒன்றை 72 மி.மீ. அளவில் போட்டால் 1/3200 என்பது 1/200க்கு வந்துவிடும். ஃப்ளாஷை கேமராவின் தலையில் வைத்து 40 அடிக்கு அடிப்பது வீண். ரேடியோ ட்ரிகரோடு ஆளுக்குப் பக்கத்தில் நிறுத்த வேண்டும்.

மத்தியானம் உழுத செம்மண் காட்டுக்கோ தார்ச்சாலைக்கோ மேலே 40 அடி தாண்டி எடுத்தால் கானல் குறுக்கே வந்து, எவ்வளவு நல்ல ஃபோகஸும் சவசவ என்று தெரியும். லென்ஸை சர்வீஸுக்குக் கொடுப்பதற்கு முன் அதே படத்தைக் காலை ஏழு மணிக்கு எடுத்துப் பாருங்கள்.

ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் காட்டில் இலை தழைத்திருக்கும் மாதங்களில் வேறொரு உத்தி உண்டு. லென்ஸுக்கு முன்னால் இரண்டடியில் ஓர் இலை வரும்படி தாழ்ந்து உட்கார்ந்து எடுத்தால், அந்த இலை படத்தின் கீழ்ப்பகுதியில் பச்சைப் புகையாகப் படரும். ஃபோகஸ் இலைக்குத் தாவாமல் இருக்க அந்த 3 மீட்டர் சுவிட்ச் உதவும்.

படத்தின் தரத்தைச் சொன்னால், எஃப் 2.8இலேயே நடுவில் கூர்மை. எஃப் 4இல் ஓரங்களும் சேர்ந்துகொள்ளும். ஓர இருட்டும் அதற்குள் போய்விடும். வெள்ளை வேட்டியின் விளிம்பிலும் ஜரிகையின் மினுக்கத்திலும் எஃப் 2.8இல் மெல்லிய ஊதா, பச்சைக் கோடு தெரியலாம், எடிட்டிங்கில் ஒரு தட்டில் போகும். விளக்குப் புள்ளிகள் எஃப் 4க்கு மூடியதும் வட்டம் விட்டு எண்கோணமாகும். சீரியல் செட் பின்னணி என்றால் எஃப் 2.8ஐ விட்டு நகராதீர்கள். எதிர்வெயிலில் ஹூட் இல்லாமல் எடுத்தால் படம் வெளிறும். பழைய கோட்டிங், அவ்வளவுதான் தாங்கும்.

மண்டபத்தில்

மேடைக்கு முன் 10, 15 அடியில் நின்றால் 200 லென்ஸுக்கு முகம் மட்டும் கிடைக்கும். மாப்பிள்ளை பொண்ணு இருவரையும் இடுப்பு வரை படுக்கைவாட்டில் அடக்க 30 அடி பின்னால் போக வேண்டும். அங்கே போனால் முன்னால் வீடியோக்காரர், ட்ரைபாட், மேடையேறக் காத்திருக்கும் கூட்டம். கொங்குக் கல்யாணத்தில் சடங்கு நடத்தும் அருமைக்காரர் சீர் செய்யும்போது மேடையைச் சுற்றி ஆட்கள் குனிந்து நிமிர்ந்து நகர்ந்துகொண்டே இருப்பார்கள். ஸூம் இல்லாத லென்ஸோடு அங்கே நிற்பது தாலி கட்டும் நேரத்தைத் தவறவிடும் வழி.

வெளிச்சம் இன்னொரு பக்கம் கழுத்தைப் பிடிக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், எனவே மலிவான எல்ஈடி விளக்கு நொடிக்கு 100 தடவை துடிக்கும். பட்டை பட்டையாக வராமல் இருக்க ஷட்டர் 1/100இல் நிற்க வேண்டும். ஆனால் ஸ்டெபிலைசர் இல்லாத 200 லென்ஸுக்கு 1/200க்குக் கீழே கை நடுங்கும். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்காது. 7டி மார்க் 2 தொடங்கிச் சில பாடிகளில் உள்ள ஆன்டி ஃப்ளிக்கர் வசதி துடிப்பின் உச்சத்தைப் பார்த்து ஷட்டரைத் திறக்கும், அது ஓரளவு காப்பாற்றும். மேடைக்குப் பின்னால் நிறுத்தும் எல்ஈடி சுவர் வேறு வேகத்தில் துடிப்பதால் அதற்கு இது உதவாது. மண்டபத்தில் 70-200 எஃப் 2.8 ஸ்டெபிலைசர் லென்ஸே சரி. 2010இல் வந்த கேனானின் இரண்டாம் பதிப்பு 1490 கிராம், இதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. காலை மூன்று மணிக்குத் தொடங்கும் முகூர்த்தத்தில் மதியப் பந்தி வரை தோளில் தொங்கும் எடை அது. இருந்தாலும் வேறு வழியில்லை.

மண்டபத்தில் இந்த 200க்கு ஒரே ஒரு வேலை உண்டு. பின்வரிசையில் உட்கார்ந்து மேடையைப் பார்க்கும் பாட்டிமார், கண் கலங்கும் அப்பா, தூணுக்குப் பின்னால் விளையாடும் குழந்தை. கதவோரம் இயற்கை வெளிச்சம் விழும் இடமாகப் பார்த்து, தூரத்திலிருந்து.

யார் வாங்கலாம்? ஃபுல் ஃப்ரேம் பாடி வைத்திருந்து, அவுட்டோர் ஷூட்டே முக்கிய வருமானம் என்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். ஃபுல் ஃப்ரேமைவிடச் சின்னதான க்ராப் சென்சார்க்காரர்களுக்கு வேண்டாம்: முழு உருவத்துக்கு 65 அடி ஆகிவிடும், தோப்பில் இரண்டரை மரம் தாண்டிப் போய் நிற்க வேண்டும். அவர்களுக்கு 85 எஃப் 1.8 போதும், காசு குறைவாக இருந்தால் 55-250 எஸ்டிஎம்மே 375 கிராமில் நல்ல வேலை செய்யும். ஃபுல் ஃப்ரேமில் ஒரே லென்ஸ்தான் என்பவர்களுக்கு 135 எஃப் 2 எல் பொருத்தம். அரை உருவத்துக்கு 13, 14 அடி, முழு உருவத்துக்கு 27 அடி, அதாவது ஒரு மர இடைவெளி. 300 எஃப் 4 போர்ட்ரெய்ட்டுக்கு அதிகப்படி. நிக்கான்காரர்கள் 180 எஃப் 2.8 டி லென்ஸைத் தேடலாம், எடையும் ஃபில்டர் அளவும் இதையொட்டியே இருக்கும். ஆனால் அதற்குள் மோட்டார் இல்லை; டி3500, டி5600 பாடிகளிலும் எஃப்டிஇசட் அடாப்டரோடு இசட் பாடிகளிலும் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். சோனிக்காரர்களுக்கு டாம்ரான் 70-180 எஃப் 2.8, 2020இல் வந்த முதல் பதிப்பில் ஸ்டெபிலைசர் இல்லை, 2023இல் வந்த ஜி2வில் உண்டு.

செகண்ட் ஹேண்டில் பார்க்கும்போது

கழற்றிய நிலையில் இந்த லென்ஸின் அப்பர்ச்சர் முழுக்கத் திறந்தே இருக்கும். பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து முன்பக்கம் சாய்த்துப் பாருங்கள். தூசி இரண்டு மூன்று இருந்தால் கவலையில்லை. சிலந்தி நூல் போலக் கிளைத்துப் போவது ஃபங்கஸ். வால்பாறை, ஆனைமலை ஈரத்தில் இருந்த லென்ஸ் என்றால் கூடுதல் கவனம். மூலையில் பால் போலப் படர்ந்திருந்தால் விலையைக் கேட்கவே வேண்டாம். பாடியில் மாட்டி எஃப் 8 வைத்து டெப்த் ஆஃப் ஃபீல்டு பொத்தானை அழுத்தி, இதழ்கள் சட்டென்று சமமாக மூடுகின்றனவா, எண்ணெய்ப் பளபளப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஃபோகஸ் மோட்டார் கிட்டத்திலிருந்து தூரத்துக்கு ஒரே வீச்சில் போக வேண்டும். கீச்சிட்டாலோ பாதியில் நின்று யோசித்தாலோ மோட்டார் களைத்துவிட்டது. செங்கல் சுவர் ஒன்றை நேராக 25 அடியிலிருந்து எஃப் 2.8இல் எடுத்து நான்கு மூலைகளையும் ஒப்பிடுங்கள். ஒரு மூலை மட்டும் தனியாக மங்கினால் லென்ஸ் எங்கோ விழுந்திருக்கிறது.

மவுண்ட்டுக்கு உட்பக்கம் சின்னதாக ஒரு குறியீடு அச்சாகியிருக்கும். முதல் எழுத்து ஆலை, 'யூ' என்றால் ஜப்பானின் உட்சுனோமியா. இரண்டாவது எழுத்து வருடம்: ஆங்கில அகரவரிசையில் 'ஏ' 1986, அங்கிருந்து ஒவ்வொரு எழுத்தாக ஏறி 'எக்ஸ்' 2009, 'இசட்' 2011. அடுத்த இரண்டு இலக்கம் மாதம். 'ரொம்பப் புதுசுங்க, மூணு வருசந்தான் ஆச்சு' என்பவரின் லென்ஸில் இரண்டாவது எழுத்து 'எல்' என்று இருந்தால் அது 1997.

வாங்கிய பிறகு காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, ஈரம் காட்டும் சின்ன மீட்டர், நிறம் மாறும் சிலிக்கா ஜெல் போதும். மீட்டர் 40க்கும் 50 சதவீதத்துக்கும் நடுவில் நிற்கட்டும். அரிசிக்குள் புதைத்து வைக்கும் பழக்கத்தை விடுங்கள், தவிட்டுத் தூசி ஃபோகஸ் வளையத்துக்குள் இறங்கும். ஹூட் இல்லாமல் விற்றால் அதற்கு விலையில் கழிக்கச் சொல்லுங்கள். இந்த லென்ஸுக்கு உரியது ஈடி-83பி 2 என்ற ஹூட். அதே 72 மி.மீ. ஃபில்டர் போடும் 135 எஃப் 2வின் ஹூட் வேறு, மாற்றிக் கொடுத்தால் வாங்காதீர்கள்.